டென்யூர்: எது, யார் வசம், எதுவரை? பெங்களூருத் தமிழருக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழர், ஊரில் கால் ஊன்றுவதற்குள் நிறையக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். கம்பெனியின் ஆஃபர் லெட்டர், வீட்டு அக்ரிமென்ட், பைக் லோன், சில வருஷம் கழித்து ஹோம் லோன். அவற்றில் எங்காவது ஒரு வரியில் 'டென்யூர்' என்ற சொல் உட்கார்ந்திருக்கும். 'ஏதோ காலக்கணக்கு' என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் புரிதல் பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் பணம் இருக்கிறது.

படி 1: வேரிலிருந்து தொடங்குங்கள்

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலேயர் 'டென்யர்' என்பதுபோல் முன்பாதியை அழுத்திப் பின்பாதியைச் சுருக்கிச் சொல்வார்கள். நாம் 'டென்யூர்' என்று நீட்டுகிறோம். இரண்டும் எல்லோருக்கும் புரியும்.

வேர்ச்சொல் லத்தீனின் 'தெனேரே'. பிடித்திருப்பது, தன் வசம் வைத்திருப்பது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வீட்டைத் தன் வசம் வைத்திருக்கும் 'டெனன்ட்', கையை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளும் 'ரீடெயின்', 'மெயின்டெயின்' எல்லாம் இதே குடும்பம். ஆகவே டென்யூர் என்றால் ஒன்று ஒருவர் வசம் இருக்கும் காலம். பதவியாக இருக்கலாம், வீடாக இருக்கலாம், வங்கிப் பணமாக இருக்கலாம்.

இந்தச் சொல்லைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுங்கள்: எது? யார் வசம்? எதுவரை? இவற்றைவிட முக்கியமான நான்காவது ஒன்று உண்டு. அதைக் காகிதம் தானாகச் சொல்லாது: நடுவில் இதை முறிக்கவோ நீட்டவோ யாருக்கு உரிமை? வீட்டிலும் கடனிலும் வேலையிலும் நாம் ஏமாறுவது பெரும்பாலும் இந்த நான்காவதில்தான்.

படி 2: '-காலம்' சேர்த்துப் பாருங்கள்

தமிழில் டென்யூருக்கு ஒரே சொல்லாக ஒன்றும் இல்லை. பதவிக்காலம், பணிக்காலம், குத்தகைக்காலம், கடன்காலம், வைப்புக்காலம் என்று முன்னால் வரும் சொல் மாறிக்கொண்டே இருக்கும். அதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். 'காலம்' என்பதற்கு முன்னால் நிற்பது ஒருவர் தன் வசம் வைத்திருக்கக்கூடிய பொருள் என்றால் டென்யூர் பொருந்தும். மழைக்காலத்துக்குப் பொருந்தாது, மழை யார் வசமும் இல்லை. கர்ப்பகாலத்துக்கும் பொருந்தாது, ஆங்கிலத்தில் அதற்கு 'ஜெஸ்டேஷன்' என்ற சொல் இருக்கிறது. சினிமா எத்தனை மணி நேரம், கோர்ஸ் எத்தனை மாதம், மீட்டிங் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் 'ட்யூரேஷன்'. சில்க் போர்டு ஜங்ஷனில் நிற்கும் நேரம் ஒரு பதவிக்காலம் போலவே தோன்றினாலும் அதுவும் ட்யூரேஷன்தான்.

கன்னடத்தில் அச்சடித்த வாடகைக் கரார் பத்திரம் கையில் வந்தால் அதில் 'அவதி' என்று ஒரு சொல் இருக்கும், பக்கத்தில் '11 திங்களு' என்று இருக்கும். திங்களை நாம் புரிந்துகொள்வோம், மாதம்தான். 'அவதி'யைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். கன்னடத்தில் அதற்குக் காலவரையறை என்று பொருள். ஆட்சியில் இருப்பவரின் பதவிக்காலம் அங்கே 'அதிகாராவதி'. தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்டால், சில ஆட்சிகளைப் பொறுத்தவரை குற்றம் சொல்ல முடியாது.

படி 3: டெர்ம் வேறு, டென்யூர் வேறு

'டெர்ம்' என்பது சட்டமோ ஒப்பந்தமோ முன்கூட்டியே வரைந்து வைத்த கட்டம். டென்யூர், அந்தக் கட்டத்துக்குள் ஒருவர் உண்மையில் இருந்த காலம். எல்லாரும் இந்த வேறுபாட்டைக் கறாராகக் கடைப்பிடிப்பதில்லை. செய்தித்தாள்களே கலந்து எழுதுகின்றன. ஆனாலும் தெரிந்துவைத்திருப்பவர் எழுதும் வாக்கியம் தெளிவாக இருக்கும்.

நல்ல எடுத்துக்காட்டு நம் அல்சூர் ஏரிக்கரையிலேயே நிற்கிறது. அங்கிருக்கும் திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டு, திறக்கப்படாமலேயே மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. கருணாநிதி வந்து திறந்துவைத்தார். அப்போது கர்நாடக முதல்வர் எடியூரப்பா. இதை ஆங்கிலத்தில் எழுதினால் 'தி ஸ்டாச்சூ வாஸ் அன்வெயில்ட் ட்யூரிங் எடியூரப்பாஸ் டென்யூர் ஆஸ் சீஃப் மினிஸ்டர்' என்று வரும். சிலை காத்திருந்த 18 ஆண்டுகளுக்கு டென்யூர் வராது. அங்கே 'வெயிட்', 'பீரியட்' என்றுதான் எழுத வேண்டும்.

அதே எடியூரப்பா 2008 மே மாதம் பதவியேற்று 2011 ஜூலை இறுதியில் விலகினார். பின்னால் சதானந்த கௌடா, அவருக்குப் பின் ஜெகதீஷ் ஷெட்டர். சட்டமன்றத்தின் டெர்ம் ஐந்து ஆண்டு, 2008 முதல் 2013 வரை. அந்த ஒரே டெர்முக்குள் மூன்று முதல்வர்களின் மூன்று டென்யூர்கள். குடியரசுத் தலைவர்களிலும் பாருங்கள். அந்தப் பதவியின் டெர்ம் ஐந்து ஆண்டு. அப்துல் கலாம் 2002 ஜூலை முதல் 2007 ஜூலை வரை இருந்தார், டெர்மும் டென்யூரும் ஒன்றாகிவிட்டன. ஜாகிர் உசேன் 1967 மே மாதம் பதவியேற்று 1969 மே மாதம் பதவியில் இருக்கும்போதே காலமானார். டெர்ம் ஐந்து, டென்யூர் இரண்டு ஆண்டுக்கும் சற்றுக் குறைவு.

படி 4: வீட்டு அக்ரிமென்டில் வாசிப்பது

வாடகை அக்ரிமென்டில் ஏன் எப்போதும் 11 மாதம்? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க ஓனர்களும் புரோக்கர்களும் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தேதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 1 தொடங்கினால் 11 மாதம் முடிவது ஏப்ரல் 30. பலர் மே 1 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நாள்தானே என்று தோன்றும்; புது அக்ரிமென்ட் அதே மே 1 அன்று தொடங்கும்போது ஒரே நாளுக்கு இரண்டு வாடகைக் கணக்கு நிற்கும்.

இனி அந்த நான்காவது கேள்வி. டென்யூர் 11 மாதம் என்று போட்டிருந்தால் 11 மாதம் உறுதி என்று பொருள் இல்லை. கீழே இரண்டு வரிகள் தேடுங்கள். ஒன்று 'லாக்-இன்': இந்த மாதங்களுக்குள் காலி செய்தால் அந்த வாடகையையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனை. இன்னொன்று 'நோட்டீஸ் பீரியட்': காலி செய்வதற்கு எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்பது. புரோக்கர் வாயால் சொல்வதையும் தாளில் இருப்பதையும் ஒப்பிட்டுக் கேட்கத் தயங்காதீர்கள்.

'அண்ணா, லெவன் மந்த்ஸ்தானே, நடுவுல போகணும்னா?'

'போகலாம் சார், ஒரு மாசம் முன்னாடி சொன்னா போதும்.'

'அப்ப லாக்-இன் ஆறு மாசம்னு போட்டிருக்கே?'

'அது சும்மா சார், ஃபார்மாட்டு.'

ஃபார்மாட்டு என்றால் அடித்துவிடச் சொல்லுங்கள், இருதரப்பும் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். அடிக்க மாட்டேன் என்றால் அது ஃபார்மாட்டு இல்லை. லாக்-இன் உங்களை மட்டும் கட்டுகிறதா, ஓனரையும் கட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பல அக்ரிமென்டுகளில் அது ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும்.

11 மாதம் முடிந்தும் புதுப்பிக்காமல் அதே வீட்டில் இருக்கிறீர்கள், ஓனரும் வாடகையை வாங்கிக்கொள்கிறார். இந்த நிலையில் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 116ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், குடியிருப்பை மாதத்துக்கு மாதம் தொடரும் குத்தகையாக எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டதை முடிக்க 106ஆவது பிரிவு சொல்வது 15 நாள் நோட்டீஸ். 'பேப்பர் முடிஞ்சுடுச்சு, நாளைக்கே காலி பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் இந்த 15 நாளை நினைவில் வையுங்கள்.

இந்த ஊரில் 'லீஸ்' என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. பெரிய தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு, மூன்று வருஷம் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தமிழ்நாட்டில் நாம் போக்கியம், ஒத்தி என்று சொல்வது. இங்கே டென்யூர் இரண்டு பக்கமும் ஓடுகிறது: வீடு உங்கள் வசம், பணம் ஓனர் வசம். வீடு உங்களிடம் இருக்கும் காலத்தைவிட, பணம் அவரிடமிருந்து திரும்பும் தேதிதான் முக்கியம். அதைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள். ஓராண்டைத் தாண்டும் ஒப்பந்தம் என்பதால் பதிவு செய்யாமல் விடாதீர்கள். ஓனர் அந்த வீட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்திருக்கிறாரா என்று வில்லங்கச் சான்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

படி 5: கடனில் வாசிப்பது

இந்தச் சொல்லால் அதிகப் பணம் போகும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

30 லட்சம் ரூபாய் ஹோம் லோன், 8.5 சதவீத வட்டி. டென்யூர் 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 62 லட்சத்து 48 ஆயிரம். அதையே 30 வருஷமாக்கினால் தவணை 23,067 ரூபாயாகக் குறையும். மாதம் மூவாயிரம் மிச்சம் என்று மனம் குளிரும். மொத்தம் கட்டுவதோ 83 லட்சத்தைத் தாண்டும். மாதம் மூவாயிரத்தை மிச்சம் பிடிக்க 20 லட்சம் ரூபாய் கூடுதல் வட்டி. எதிர்ப்பக்கம் போய் 15 வருஷமாக்கினால் தவணை சுமார் 29,540, மொத்தம் 53 லட்சம் சொச்சம். லோன் ஆபீஸில் தவணையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். டென்யூரைக் கேட்டு வாங்கி இரண்டையும் பெருக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாறும் வட்டிக் கடனில் டென்யூர் நிலையானதே அல்ல. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. அப்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் டென்யூரை நீட்டின. வங்கிக் கணக்கில் போகும் தொகை மாறாததால் பலர் கவனிக்கவே இல்லை. கணக்கைப் பாருங்கள். 30 லட்சம், 7 சதவீதம், 20 வருஷம்: தவணை சுமார் 23,259. கடன் வாங்கிய சூட்டோடு வட்டி 8.5 ஆகிறது, தவணையை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 மாதமாக இருந்தது 347 மாதமாகிவிடும், கிட்டத்தட்ட 29 வருஷம். வட்டி 9.5 ஆனால்? ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். நீங்கள் கட்டும் தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதிலாக ஏறும், டென்யூருக்கு முடிவே இல்லாமல் போகும்.

இதற்காகத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்கிறது. காலத்தை நீட்டுவதால் அசல் ஏறும் நிலை வரக்கூடாது என்றும் சொல்கிறது. அந்தச் சுற்றறிக்கையில் டென்யூர் என்று இருக்காது, 'டெனர்' என்று இருக்கும். எழுத்துப்பிழை இல்லை. அதே லத்தீன் வேரிலிருந்து வந்த இன்னொரு சொல், நிதித்துறையில் கடன், பாண்டு, வணிக உண்டியல் (பில்) முதிர்ச்சியடையும் காலத்தைக் குறிக்கப் பயன்படுகிறது. இரண்டும் ஒன்றென்றே வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் கம்பெனி மெயிலில் 'தி டெனர் ஆஃப் ஹிஸ் லெட்டர்' என்று வந்தால் அது கடிதத்தின் தொனி, காலத்தோடு சம்பந்தமில்லை.

டெபாசிட்டில் நிலைமை தலைகீழ். பணம் உங்களுடையது, வங்கி வசம் இருக்கிறது. ஃபிக்சட் டெபாசிட்டை 7 நாள் முதல் 10 வருஷம் வரை போடலாம். நடுவில் உடைத்தால், பொதுவாகப் பணம் உண்மையில் இருந்த காலத்துக்கான வட்டி விகிதத்தைப் போட்டு, அதிலும் கொஞ்சம் அபராதம் பிடிப்பார்கள். வரிச்சலுகை டெபாசிட்டில் ஐந்து வருஷம் முழுக்கப் பூட்டு, உடைக்க முடியாது.

இன்ஷூரன்ஸ்காரர்கள் 'டெர்ம்' என்பார்கள், அதிலும் இரண்டு உண்டு. பாலிசி டெர்ம் 30 வருஷம், பிரீமியம் கட்டும் டெர்ம் 10 வருஷம் என்று இருந்தால் பத்து வருஷம் கட்டிவிட்டு முப்பது வருஷம் காப்பீட்டில் இருக்கலாம். ஏஜென்ட் 'பத்து வருஷம்தான் சார்' என்று சொன்னால் எந்தப் பத்து என்று கேளுங்கள்.

படி 6: வேலையில் வாசிப்பது

ஒரு நிறுவனத்தில் சேர்ந்த நாள் முதல் கடைசி வேலை நாள் வரை உங்கள் டென்யூர். ராஜினாமா அனுப்பிய தேதி முடிவல்ல. மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருந்தால் அந்த மூன்று மாதமும் உள்ளே சேரும். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் இந்த இரண்டு தேதிகளும் சரியாக இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். அடுத்த கம்பெனியின் பின்னணிச் சோதனையில் சிக்குவது பெரும்பாலும் இவைதான்.

ஐந்து வருஷம் என்ற எண் இங்கே இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டையும் வெவ்வேறு விதமாக எண்ணுகிறார்கள். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த முறைப்படி கிராஜுவிட்டி கிடைக்க ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வேண்டும். அந்தச் சட்டத்தின் கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 52,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 30,000. ஆறு ஆண்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். நான்கு வருஷத்தில் கம்பெனி மாறினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இந்த ஐந்தாண்டு நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறது.

பி.எஃப். அப்படி இல்லை. ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. ஆனால் பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிவிட்டால் பழைய வருஷங்களும் சேர்ந்துகொள்ளும். மூன்று வருஷம் இங்கே, இரண்டரை வருஷம் அங்கே என்றாலும் ஐந்தைத் தாண்டியதாகவே கணக்கு. ஒயிட்ஃபீல்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலை மாறும்போது பி.எஃப். மாற்றாமல் விடுபவர்கள் இழப்பது இதைத்தான்.

படி 7: பொருள் மாறும் இரண்டு இடங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கு 'டென்யூர் கிடைத்தது' என்றால், இத்தனை வருஷம் என்ற வரம்பு வந்துவிட்டது என்று பொருள் இல்லை. தகுந்த காரணமில்லாமல் நீக்க முடியாத நிரந்தர இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். அங்கே காலம் குறிக்கும் சொல்லே காலவரம்பை நீக்கிவிடுகிறது. 'டென்யூர்டு புரொஃபசர்' என்று வாசித்தால் 'தற்காலிகப் பேராசிரியர்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், நேர் எதிர்.

'லேண்ட் டென்யூர்' இன்னொன்று. நிலம் எந்த உரிமை முறையில் ஒருவரிடம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது, எத்தனை ஆண்டு என்பதை அல்ல. 1793இல் வங்காளத்தில் வந்த, ஜமீன்தார் வழியாக வரி வசூலித்த ஜமீன்தாரி நிரந்தரத் தீர்வு ஒரு வகை. ஓசூர் தாண்டி நாம் ஊருக்குப் போகும் வழியில் விரியும் பாராமகால் பகுதியில், 1792க்குப் பின் அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேராக வரி வசூலித்துத் தொடங்கிய ரயத்துவாரி இன்னொரு வகை. போட்டித் தேர்வு எழுதுபவர்கள் கேள்வித்தாளில் இந்தச் சொல்லைக் கண்டால் வருஷத்தைத் தேடாமல் முறையைத் தேடுங்கள்.

படி 8: எழுதும்போது

'இன் ஹர் டென்யூர்' என்பதைவிட 'ட்யூரிங் ஹர் டென்யூர்' இயல்பானது. பதவியைச் சேர்க்க 'ஆஸ்' போடுங்கள்: 'ட்யூரிங் ஹர் டென்யூர் ஆஸ் டீம் லீட்'. எண் முன்னால் வந்து பெயரடையாகும்போது பன்மை விகுதி உதிரும்: 'ஃபைவ்-இயர் டென்யூர்' சரி, 'ஃபைவ் இயர்ஸ் டென்யூர்' தவறு. பன்மை வேண்டுமென்றால் திருப்பிப் போடுங்கள்: 'எ டென்யூர் ஆஃப் ஃபைவ் இயர்ஸ்'. 'டென்யூர் பீரியட்' என்று எழுத வேண்டாம், டென்யூருக்குள்ளேயே பீரியட் இருக்கிறது. பெங்களூரு ஆபீஸ் மெயில்களில் இது களைபோல் முளைத்துக் கிடக்கிறது.

சில மாதம் மட்டும் இருந்த வேலையை ரெஸ்யூமேயில் டென்யூர் என்று பெருமைப்படுத்தினால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். அதற்கு 'ஸ்டின்ட்' என்ற சொல் இருக்கிறது: 'எ ஷார்ட் ஸ்டின்ட் அட் எ ஸ்டார்ட்அப்'. கார்டு, கூப்பன், ரீசார்ஜ் போன்றவற்றுக்கு 'வேலிடிட்டி'.

வங்கிக்கு எழுதும்போது 'வாட் இஸ் மை டென்யூர்?' என்று மட்டும் கேட்டால் தொடக்கத்தில் போட்ட எண்ணையே திருப்பி அனுப்புவார்கள். 'ரிமெய்னிங் டென்யூர்' என்று கேளுங்கள். கூடவே மீதித் தவணைகளின் எண்ணிக்கை, இப்போதைய வட்டி விகிதம், கடைசித் தவணை விழும் மாதம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கடைசித் தவணை உங்கள் ஓய்வு வயதைத் தாண்டிப் போயிருந்தால், தவணையை ஏற்றித் தரச் சொல்லி அதே மெயிலிலேயே எழுதிவிடலாம்.